சொப்பிங் பையிலிருந்து விசாக் கோவை வரை



"மகள் லண்டனுக்குப் படிக்கப் போக வேணுமெண்டு நிக்கிறாள். விசாவுக்கு என்னென்ன கடுதாசி வேணும் தங்கச்சி?"

எங்கள் அலுவலகத்துக்கு வரும் தாய்மார் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்த பிறகு இப்படிக் கேட்பவர்களின் தொகை கூடியிருக்கிறது. முன்பெல்லாம் மகனுக்காக வந்து கேட்டார்கள். இப்போது மகளுக்காகவும் கேட்கிறார்கள். அது எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவர்களில் அநேகர் ஒரு முகவரிடம் பணத்தைக் கட்டிய பிறகுதான் எங்களிடம் வருகிறார்கள். அதுதான் கவலை.

இந்த மாதம் இரண்டு குடும்பங்களின் கதையைச் சொல்லப் போகிறேன். இருவரும் சம்மதம் தந்திருக்கிறார்கள். பெயர்களையும் அடையாளங்களையும் தவிர்த்திருக்கிறேன்.

ஒரு சொப்பிங் பை

முதலாவது அக்கா விசுவமடுப் பக்கத்தைச் சேர்ந்தவர். 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்த சனக் கூட்டத்தில் கணவரைத் தவறவிட்டார். அதன் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அப்போது ஒரே மகளுக்கு எட்டு வயது. முகாமிலிருந்து திரும்பி வந்து, தையலும் கோழி வளர்ப்புமாக அந்தப் பிள்ளையைப் படிப்பித்தார். மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகத்தில் விவசாயம் படித்துப் பட்டம் பெற்றாள். நீர் முகாமைத்துவத்தில் முதுமாணி படிக்கப் பிரித்தானியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. கட்டணத்தில் ஒரு பகுதியைப் பல்கலைக்கழகமே தள்ளுபடி செய்தது.

முதல் நாள் அக்கா கொண்டுவந்தது ஒரு கறுப்புச் சொப்பிங் பை. "இடம்பெயர்ந்து திரிஞ்ச காலம் முழுக்க இதைத்தான் நெஞ்சோட வைச்சிருந்தனான்" என்று சொல்லி மேசையில் கொட்டினார். நனைந்து காய்ந்த பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்றிதழ், மகளின் தடுப்பூசி அட்டை, முகாமில் தந்த குடும்ப அட்டை, கணவரின் அடையாள அட்டைப் போட்டோக்கொப்பி, காணாமற்போனவர்கள் பற்றி வெவ்வேறு ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள். இத்தனை கடுதாசிகளைக் காப்பாற்றிய பெண்தான், "எனக்கு இதுகளைப் பற்றி ஒண்டும் தெரியாது, எல்லாம் ஏஜென்சிக்காரர் பாக்கினம்" என்றார்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, அரசு மனிதர்களை ஆவணங்களால்தான் அறிகிறது என்று பாடமாக்கினேன். இந்த வேலைக்கு வந்த பிறகுதான், அந்த ஆவணங்களைச் சேலைத் தலைப்பில் முடிந்து காப்பாற்றுவது பெண்கள் என்று விளங்கியது.

ஏஜென்சி கண்டுபிடித்த மூன்று குறைகள்

முகவர் அவர்களிடம் மூன்று குறைகளைச் சொல்லியிருந்தார். மூன்றுக்கும் தன்னிடம் மருந்து இருப்பதாகவும் சொல்லியிருந்தார்.

ஒன்று, பெயர். மகளின் பெயர் கடவுச்சீட்டில் ஒரு விதமாகவும், க.பொ.த. உயர்தரச் சான்றிதழில் இன்னொரு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. "அதைக் கணனியில் திருத்தித் தாறன்" என்றாராம்.

இரண்டு, தகப்பன். "காணாமற்போனவர் என்று போட்டால் பிரச்சினை. இறந்துவிட்டார் என்று போடுவோம். மரணச் சான்றிதழ் எடுங்கோ" என்றாராம்.

மூன்று, காசு. அக்காவுக்கு வலிகாமத்தில் சீதனமாக வந்த இரண்டு பரப்புக் காணி இருந்தது. அதை விற்றுத்தான் மகளின் செலவைப் பார்க்க நினைத்தார். விற்பதற்குக் கணவரின் கையெழுத்து வேண்டும் என்று நொத்தாரிசு சொல்லிவிட்டார். முகவரோ, "காணியை விடுங்கோ, வங்கிக் கணக்கில் காசை நாங்கள் போட்டுக் காட்டுவம், மாதவட்டி தந்தால் சரி" என்றாராம்.

முகவர்கள் எல்லோரும் மோசமானவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. படிவம் நிரப்பவும் பல்கலைக்கழகத்தோடு தொடர்புகொள்ளவும் நேர்மையாக உதவுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் வாழ்க்கையில் நடந்ததை மாற்றி எழுதச் சொல்பவர் உங்களுக்கு உதவுகிறவர் அல்ல. ஏன் என்பதை இரண்டாவது குடும்பத்தின் கதை சொல்லும்.

காட்டிய காசு

இந்தத் தாய்க்கும் கணவர் இல்லை. நகைகளை அடைவு வைத்து முகவருக்குக் கொடுத்தார். முகவர் மகளின் பெயரில் ஒரு வங்கிக் கடிதம் தயாரித்துக் கொடுத்தார். அதில் இருந்த தொகை அந்தப் பிள்ளையின் கணக்கில் ஒரு நாளும் இருந்ததில்லை. விசா அதிகாரிகள் வங்கியிடமே கேட்டு உறுதிப்படுத்துவது வழக்கம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காசு காணாது என்ற காரணத்துக்காக மட்டும் நிராகரித்திருந்தால், சரிசெய்துகொண்டு மறுபடி விண்ணப்பித்திருக்கலாம். போலி ஆவணம் கொடுத்தது என்று நிராகரித்தால் நிலைமை வேறு. பிரித்தானியக் குடிவரவு விதிகளின்படி, ஏமாற்றியதாகத் தீர்மானிக்கப்பட்டவரின் பிந்திய விண்ணப்பங்கள் 10 வருடம் வரை மறுக்கப்படலாம். தடை முகவருக்கு இல்லை, அந்தப் பிள்ளைக்குத்தான்.

அந்தத் தாய் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "அவள் படிச்ச படிப்பு உண்மைதானே தங்கச்சி? அதையும் பொய் எண்டு நினைச்சிருப்பினமோ?"

என்னிடம் பதில் இருக்கவில்லை.

பெயரைச் சரிசெய்தோம்

முதலாவது அக்காவின் வீட்டுக்கு வருவோம். சுலபமானதிலிருந்து தொடங்கினோம்.

எங்கள் பிள்ளைகளின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது பாடசாலையில் ஒரு விதமாகவும் கடவுச்சீட்டில் ஒரு விதமாகவும் வருவது சாதாரணம். 'த'வுக்கு ஓரிடத்தில் ஓரெழுத்தும் இன்னோரிடத்தில் ஈரெழுத்தும் போட்டிருப்பார்கள். தகப்பன் பெயர் ஒன்றில் முதலெழுத்தாக நிற்கும், மற்றதில் முழுதாக வரும். எனவே வீட்டில் உள்ள எல்லா ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கூட்டிப் பாருங்கள். திருத்தக்கூடியதை அதை வழங்கிய திணைக்களத்திலேயே விண்ணப்பித்துத் திருத்துங்கள். திருத்த நேரம் போதாவிட்டால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் அல்லது சத்தியப் பிரமாண ஆணையாளர் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கும் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

தொலைந்த ஆவணங்களுக்கும் வழி இருக்கிறது. பிறப்பு, திருமணச் சான்றிதழ்களின் புதிய பிரதியைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். பரீட்சைச் சான்றிதழ்களைப் பரீட்சைத் திணைக்களத்தில் கேட்கலாம். காணி உறுதி தொலைந்தால், நொத்தாரிசு பதிவுக்கு அனுப்பிய பிரதி காணிப் பதிவகத்தில் இருக்கும். கடவுச்சீட்டுக்கு முன்பு வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போக வேண்டியிருந்தது. 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்திலும் ஓர் அலுவலகம் திறக்கப்பட்டது.

தமிழில் உள்ள ஆவணம் ஒவ்வொன்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் செய்வியுங்கள். இது சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி, திகதி, அவருடைய முழுப்பெயர், கையொப்பம், தொடர்பு விபரம் ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். மூலப் பிரதியையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதுவது?

மரணச் சான்றிதழ் என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா எழுந்து வெளியே போய்விட்டார். சிறிது நேரம் கழித்து வந்து, "பிள்ளையின்ர படிப்புக்காக எல்லாம் செய்வன். அந்தக் கையெழுத்தை மட்டும் வைக்க மாட்டன்" என்றார். மகள் அழுதாள். "அம்மா, அப்ப நான் போகேல்லை" என்றாள். தாயும் மகளும் ஒருவருக்காக மற்றவர் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்கள். ஆனால் இருவரிடமும் யாரும் கேட்காத ஒரு கேள்வி இருந்தது. அந்தச் சான்றிதழ் உண்மையிலேயே தேவையா?

தேவையில்லை. பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளை தாயின் பணத்தைக் காட்டிப் படிக்கப் போகிறாள். தாய் யார் என்பதற்குப் பிறப்புச் சான்றிதழ் போதும். பெற்றோர் விபரம் கேட்கும் இடத்தில் தகப்பனின் பெயரையும் பிறந்த திகதியையும் உள்ளபடி எழுதலாம். அவர் 2009இலிருந்து காணாமற்போனவர் என்று ஒரு சிறு விளக்கக் கடிதம் வைக்கலாம்.

அதை ஆவணத்தால் காட்ட விரும்பினால் அதற்கும் வழி உண்டு. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் பெற வழி செய்தது. 2016இல் 16ஆம் இலக்கச் சட்டத்தால் அது திருத்தப்பட்டு, 'காணக்கிடைக்காமைச் சான்றிதழ்' என்ற இன்னொன்று சேர்க்கப்பட்டது. அது அவர் இறந்துவிட்டார் என்று சொல்வதில்லை. அவர் காணப்படவில்லை என்று மட்டுமே சொல்கிறது. காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்தில் பதிந்தவர்கள் இதைப் பற்றி அங்கே விசாரிக்கலாம். 2016இன் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அந்த அலுவலகத்துக்கு யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் பிராந்தியக் கிளைகள் உண்டு. பிரதேச செயலகத்திலும் கேட்கலாம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். மரணச் சான்றிதழ் எடுத்த சகோதரிகள் யாரும் தவறு செய்யவில்லை. பிள்ளைகளின் சாப்பாட்டுக்காகவும் காணிக்காகவும் எடுத்திருக்கிறார்கள். சிலருக்கு அது ஒரு முடிவையும் தந்திருக்கிறது. இரண்டு சான்றிதழும் வேண்டாம் என்று வீதியோரத்தில் இருந்து போராடும் தாய்மாரின் முடிவும் மதிக்கத்தக்கதே. எதைத் தெரிவதென்பது உங்கள் மனதுக்கும் சட்டத்தரணியின் ஆலோசனைக்கும் உரியது. ஒரு முகவரின் அவசரத்துக்காக அந்த முடிவை எடுக்காதீர்கள். அவ்வளவுதான் நான் சொல்வது.

இன்னொரு குறிப்பு. பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை என்றால் விதி வேறு. பெற்றோர் இருவரின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். தாய் தனியே முழுப் பொறுப்பையும் வகிக்கிறார் என்றால் அவருடைய சம்மதம் போதும். கணவர் காணாமற்போன தாய்மாருக்கு அந்தப் பொறுப்பை எடுத்துக்காட்ட ஆவணங்கள் உதவும்.

சீதனக் காணியும் இல்லாத கையெழுத்தும்

கடினமானது இதுதான். வடமாகாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டத்தில் சீதனக் காணி மனைவியின் தனிச்சொத்து. ஆனால் அதை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டு வந்த, யாழ்ப்பாணத்தாரின் திருமண உரிமையும் முதுசமும் பற்றிய கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தாய் தந்த காணி, உறுதி அவர் பெயரில், வரி கட்டியதும் அவர். இருந்தும் 16 வருடமாகக் காணாத ஒருவரின் கையெழுத்து இல்லாமல் அதை விற்க முடியாது.

"அவர் இருந்திருந்தால் ஒரு நிமிசத்தில வைச்சுத் தந்திருப்பார்" என்றார் அக்கா.

அதே சட்டத்திலேயே ஒரு வாசலும் இருக்கிறது. கணவர் கைவிட்டுப் போயிருந்தாலோ, அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாவிட்டாலோ, நியாயமில்லாமல் சம்மதம் தர மறுத்தாலோ, மனைவி மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து அனுமதி பெறலாம். இந்த வசதியை அறியாமல், கள்ளக் கையெழுத்து வைத்து விற்றுப் பிறகு வழக்கில் மாட்டியவர்களை நான் கண்டிருக்கிறேன். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். 1978இல் சட்டமூலம் அமைந்த இந்த ஆணைக்குழு, வருமானம் குறைந்தவர்களுக்காக வழக்குப் பேச உதவுகிறது. கணவர் காணாமற்போனதைக் காட்ட அக்காவின் சொப்பிங் பையில் இருந்த முறைப்பாட்டுப் பிரதிகளே அங்கே கைகொடுத்தன.

ஆனால் நீதிமன்றத்துக்கு நேரம் எடுக்கும். செப்டெம்பர் தவணைக்கு முடியாது என்று தெரிந்ததும், பல்கலைக்கழகத்துக்கு எழுதி இடத்தை ஜனவரித் தவணைக்கு மாற்றினோம். அதற்கு மகள் எழுதியது நான்கு வரி மின்னஞ்சல்தான். அவர்கள் சம்மதித்தார்கள். எல்லாப் படிப்புக்கும் ஜனவரித் தவணை இருக்காது. ஆகவே முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

காசு எவ்வளவு, எங்கே, எத்தனை நாள்?

எங்கள் ஊரில் பிரித்தானியா முழுவதற்கும் பெயர் லண்டன்தான். விசாக் கணக்கில் இரண்டும் வேறு. 2025 நவம்பர் 11இலிருந்து நடைமுறைக்கு வந்த கணக்கின்படி, வாழ்க்கைச் செலவுக்கு லண்டனுக்குள் படிப்பவர் மாதம் 1,529 பவுணும், வெளியே படிப்பவர் 1,171 பவுணும் காட்ட வேண்டும். ஆகக் கூடியது ஒன்பது மாதத்துக்கு. அதாவது லண்டனுக்குள் 13,761 பவுண், வெளியே 10,539 பவுண். முதல் வருடக் கட்டணத்தில் கட்டாமல் மிஞ்சியிருக்கும் தொகையையும் சேர்த்துக் காட்ட வேண்டும். இந்தத் தொகைகள் மாறிக்கொண்டே இருப்பவை. விண்ணப்பிக்கும் கிழமையில் பிரித்தானிய அரசின் இணையத்தளத்தில் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பணம் தொடர்ந்து 28 நாட்கள் குறையாமல் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் பிழைதான். அந்த 28ஆவது நாளுக்கும் விண்ணப்பிக்கும் நாளுக்கும் இடையில் 31 நாட்களுக்கு மேல் போகக் கூடாது.

யாருடைய கணக்கில்? பிள்ளையின் கணக்கில் அல்லது தாய், தகப்பன், சட்டப்படியான பாதுகாவலர் கணக்கில். கனடாவில் இருக்கும் மாமாவின் கணக்கைக் காட்ட முடியாது. ஆனால் மாமா அன்பளிப்பாக அனுப்பிய காசு தாயின் கணக்கில் 28 நாட்கள் இருந்தால் அது தாயின் காசு. அதை உண்டியலில் எடுக்காமல் வங்கி மூலம் எடுங்கள். மாமாவிடம் ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள். தாயின் கணக்கு என்றால் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும், "இந்தப் பணத்தை என் மகள் படிப்புக்குப் பாவிக்கச் சம்மதம்" என்று தாய் கையொப்பமிட்ட கடிதமும் வேண்டும்.

கழுத்தில் இருக்கும் நகையும், சீட்டுக்காசும், காணியின் பெறுமதியும் இந்தக் கணக்கில் வராது. வங்கியில் காசாக இருப்பதே கணக்கு. காணி விற்ற உறுதியின் பிரதியைக் கோவையில் வையுங்கள். எல்லாரிடமும் கேட்பதில்லை. ஆனால் பெருந்தொகை திடீரென்று எங்கிருந்து வந்தது என்று நேர்முகத்தில் கேட்டால், பிள்ளை தடுமாறாமல் சொல்ல அது உதவும்.

இவற்றுக்கு மேலே விண்ணப்பக் கட்டணமும் சுகாதார மேலதிகக் கட்டணமும் உண்டு. மாணவருக்குப் பின்னதன் தொகை 2024 பெப்ரவரியிலிருந்து வருடத்துக்கு 776 பவுண் என்று வந்தது. விசா கிடைக்காவிட்டால் சுகாதாரக் கட்டணம் திரும்பி வரும், விண்ணப்பக் கட்டணம் வராது. எங்கள் நாட்டிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் போகிறவர்கள் காசநோய்ப் பரிசோதனையும் செய்ய வேண்டும். கொழும்பில் குடிபெயர்வுக்கான சர்வதேச அமைப்பின் மருத்துவ நிலையத்தில் அதைச் செய்கிறார்கள். சான்றிதழ் ஆறு மாதம் செல்லும்.

நேர்முகம்

பிரித்தானிய மாணவர் விசாவுக்கு நேர்முகம் பெரும்பாலும் கணனித் திரையில்தான். முதலில் பல்கலைக்கழகமே ஒன்று நடத்தலாம். அதில் திருப்தி வந்தால்தான் 'காஸ்' எனப்படும் சேர்த்துக்கொண்டமை உறுதிப்படுத்தலைத் தருவார்கள். அந்த இலக்கம் இல்லாமல் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. பிறகு விசா அதிகாரியும் அழைத்துக் கேட்கலாம். இரண்டும் ஆங்கிலத்தில்.

முகவர் கொடுத்த இரண்டு பக்கத்தை மகள் பாடமாக்கி வைத்திருந்தாள். உலகத்தரம், ஒளிமயமான எதிர்காலம் என்று போயிற்று அது. நான் இடையில் ஒரு கேள்வி கேட்டதும் நின்றுபோனாள். மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினாள். அந்தத் தாள்களை மூடி வைத்துவிட்டு, "ஏன் தண்ணீரைப் பற்றிப் படிக்கிறாய்?" என்று தமிழில் கேட்டேன்.

"எங்கட வயல் வாய்க்காலின்ர கடைசியில இருக்கு அக்கா. குளத்தில தண்ணி திறந்தாலும் எங்களுக்குக் கடைசியாத்தான் வரும். சில வருசம் வராது. அம்மா இரவிரவா வரம்பில காவல் இருப்பா. தண்ணியைச் சரியாப் பிரிக்கிறது எப்பிடி எண்டு படிக்க வேணும்" என்றாள்.

"இதையே இங்கிலீசில் சொல்லு" என்றேன். பிழைகளோடு சொன்னாள். எனக்கு முழுதும் விளங்கியது.

ஒரு கிழமை இப்படிப் பழகினோம். இந்தப் படிப்பை ஏன் தெரிந்தாய்? ஏன் அந்தப் பல்கலைக்கழகம்? இங்கே படித்தால் என்ன? என்னென்ன பாடங்கள் இருக்கின்றன? எங்கே தங்குவாய், எவ்வளவு செலவு? செலவை யார் தருகிறார்கள்? முடித்துவிட்டு என்ன செய்வாய்? கேள்விகள் இவற்றைச் சுற்றித்தான் வரும். படிவத்தில் எழுதியதும் வாயால் சொல்வதும் ஒன்றாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். அதனால் படிவத்தை முகவர் நிரப்பினாலும், அனுப்பும் முன் பிள்ளை ஒவ்வொரு வரியையும் வாசிக்க வேண்டும். தாய்க்கும் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும்.

ஒரு நாள் பயிற்சியில் "உங்கள் தகப்பன் என்ன செய்கிறார்?" என்று கேட்டேன். அவள் பேசவில்லை. நான் அவசரப்படுத்தவில்லை. பிறகு இருவருமாக மூன்று வசனம் அமைத்தோம். "என் அப்பா 2009இலிருந்து காணாமற்போயிருக்கிறார். அம்மாதான் என்னை வளர்த்தார். என் படிப்புச் செலவை அம்மா தருகிறார்." அதற்கு மேல் அவர்கள் கேட்டால் விளக்கலாம். கேட்காவிட்டால் விளக்கத் தேவையில்லை. உங்கள் துயரத்தை இரக்கத்துக்காகச் சொல்லவும் வேண்டாம், வெட்கப்பட்டு மறைக்கவும் வேண்டாம்.

சகோதரிகளே, இந்த விதிகள் பிரித்தானியாவுக்கு உரியவை. அமெரிக்காவுக்கு என்றால் கொழும்பில் தூதரகத்துக்கு நேரில் போக வேண்டும். அங்கே மாணவர், படித்து முடித்துத் திரும்புவார் என்பதைத் தானே நிரூபிக்க வேண்டும். அதே நேரம் மாமா போன்றவர்களும் செலவை ஏற்கலாம். ஒரு நாட்டுக்குப் போனவரின் கோவையைப் பார்த்து இன்னொரு நாட்டுக்குக் கோவை கட்டாதீர்கள்.

இன்னும் ஒன்று. படிப்புக் காலத்தில் பட்டப் படிப்பு மாணவர் கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. அந்த உழைப்பை நம்பிக் காணியை ஈடு வைத்தவர்கள் கஷ்டப்பட்டிருக்கிறார்கள். 2024 ஜனவரியிலிருந்து, ஆராய்ச்சிப் பட்டம் போன்ற சிலவற்றைத் தவிர, மற்றப் படிப்புகளுக்குப் போகிறவர்கள் கணவன் மனைவியையோ பிள்ளைகளையோ கூட்டிப் போகவும் முடியாது. போக வேண்டுமா என்பதை வீட்டில் இருந்து கணக்குப் பார்த்து முடிவெடுங்கள். போகாமல் இங்கேயே படிப்பதும் படிப்புத்தான்.

புறப்பட்ட நாள்

நீதிமன்ற அனுமதி வந்தது. ஒரு பரப்புக் காணியைத்தான் விற்றார் அக்கா. மற்றப் பரப்பை வைத்துக்கொண்டார். மிகுதியைத் தம்பி கனடாவிலிருந்து வங்கி மூலம் அனுப்பினார். 28 நாட்களையும் நாட்காட்டியில் ஒவ்வொன்றாக வெட்டினார்கள். பல்கலைக்கழக நேர்முகத்தில் செலவைப் பற்றியும் வயலைப் பற்றியும் கேட்டார்கள். தகப்பனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மூன்று கிழமைக்குள் விசா வந்தது.

புறப்படுவதற்கு முதல் நாள் நான் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகளின் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் குடும்பப் பெயர் உள்ள இடத்தை எனக்குக் காட்டினார். எங்கள் வழக்கப்படி அங்கே இருந்தது தகப்பனின் பெயர். "இவளை அங்க எல்லாரும் இந்தப் பேரைச் சொல்லித்தானே கூப்பிடுவினம்?" என்று கேட்டார். "ஓம் அக்கா" என்றேன்.

அந்தச் சொப்பிங் பை இப்போது இல்லை. இரண்டு கோவைகள் இருக்கின்றன. ஒன்று மகளுடன் போய்விட்டது. மற்றதில் கணவரின் முறைப்பாட்டுப் பிரதிகளைத் திகதிப்படி அடுக்கி வைத்திருக்கிறார் அக்கா.

உங்கள் வீட்டிலும் ஒரு பையோ பெட்டியோ இருக்கும். வெளிநாட்டுப் பேச்சு வரும்வரை காத்திராமல் இந்தக் கிழமையே அதைத் திறந்து பாருங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாடசாலைச் சான்றிதழ்கள், திருமணப் பதிவு, காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், வங்கிப் புத்தகம், காணாமற்போனவர் பற்றிய முறைப்பாடுகள் எல்லாவற்றையும் ஒரு கோவையில் இடுங்கள். போட்டோக்கொப்பி எடுத்து வேறோர் இடத்திலும் வையுங்கள். மூலப் பிரதியை முகவரிடம் விட்டுவிட்டு வராதீர்கள். எழுதாத தாளில் கையொப்பம் வைக்காதீர்கள். கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

விளங்காத இடம் இருந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அருகிலுள்ள பெண்கள் நிலையத்துக்கோ பிரதேச செயலகத்தில் உள்ள மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமோ போங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

அடுத்த இதழில் சந்திப்போம்.